மனத்தில் நினைத்த பொருள் எது? ‘ஆம், இல்லை’ விளையாட்டு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் அன்றாடம் புழங்கும் பொருள் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் கேள்வி கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நினைத்தவர் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ மட்டுமே சொல்லலாம். கேள்விகள் இருபதுக்கு மேல் போகக் கூடாது. எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றுபோகும் மாலைகளிலும் நீண்ட ரயில் பயணங்களிலும் பல ஆண்டுகளாக ஆடிவரும் விளையாட்டு இது. இதைப் பற்றி உறவினர்களும் பெற்றோர்களும் பள்ளிப் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். கேள்வி கேட்பவரின் கெட்டிக்காரத்தனத்தைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆட்டத்தின் பாரம் விடை சொல்பவர் மேல்தான் அதிகம் என்பது என் அனுபவம் ஆதலால், அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதியுள்ளேன்.

எத்தனை பேர் வேண்டும்? என்ன பொருள்கள் தேவை?

இரண்டு பேர் போதும். நான்கைந்து பேர் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். கேள்விகளை எண்ணுவதற்கு ஒரு தாளும் பென்சிலும் வேண்டும். இருட்டில் ஆடும்போது இருபது புளியங்கொட்டைகளை நடுவில் வைத்து, ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றை எடுத்துவிடுவோம். நினைத்த பொருளின் பெயரை ஆட்டம் தொடங்கும் முன்பே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்து வைத்துவிடுவது நல்லது. நடுவில் பொருளை மாற்றிவிட்டார் என்ற சந்தேகமே எழாது.

எப்படிப்பட்ட பொருளை நினைத்துக்கொள்ள வேண்டும்?

அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் கையால் தொட்டுப் பழகிய பொருளாக இருக்க வேண்டும். முறம், வடிகட்டி, சீப்பு, குடை, பூட்டு, துணி கிளிப், தேங்காய்த் துருவி, ஊசி, அஞ்சறைப் பெட்டி ஆகியவை எல்லாம் நல்ல பொருள்கள். அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளைக்கு அரிவாள்மனை கேள்விப்பட்ட பொருளாக மட்டும் இருக்கலாம். அதன் பாட்டிக்கு மடிக்கணினியோடு இணைக்கும் மவுஸ் அப்படி இருக்கலாம். இருவரும் ஒரே ஆட்டத்தில் இருந்தால் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

பொருளின் வகையை நினைக்க வேண்டுமே தவிர, குறிப்பிட்ட ஒன்றை நினைக்கக் கூடாது. ‘சாவி’ என்று நினைக்கலாம். ‘எங்கள் வீட்டுப் பீரோவின் சாவி’ என்று நினைத்தால், எல்லாச் சாவிகளுக்கும் பொதுவாகக் கேட்கப்படும் கேள்விக்கு அந்த ஒரு சாவியை மனத்தில் வைத்து விடை சொல்ல நேரும். கேட்பவர் வழி தவறிவிடுவார். உப்பு, தண்ணீர், மாவு போன்றவற்றையும், குக்கரின் கேஸ்கெட் போல வேறொன்றின் உறுப்பாக இருப்பவற்றையும் ஆட்டம் கைவந்தவர்களுக்கு விட்டுவிடலாம்.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். விளக்குமாறு என்று ஒருவர் நினைத்திருக்க, இன்னொருவர் துடைப்பம் என்றோ, வாரியல் என்றோ, இலங்கை வழக்கில் தும்புத்தடி என்றோ சொன்னால், அது கண்டுபிடித்ததாகவே கொள்ளப்பட வேண்டும். நாம் தேடுவது பொருளை, சொல்லைத் தேடவில்லை.

ஏன் இருபது கேள்விகள்? இந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது?

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இது ‘இருபது கேள்விகள்’ என்ற பெயரிலேயே நெடுங்காலமாக வீட்டு விளையாட்டாக இருந்துவந்தது. அமெரிக்காவின் மியூச்சுவல் வானொலி 1946 பிப்ரவரி 2 அன்று இதை நிகழ்ச்சியாக ஒலிபரப்பத் தொடங்கியது. தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் குடும்பத்தோடு ஆடிவந்த விளையாட்டை வானொலிக்குக் கொண்டுவந்தவர் பிரெட் வான் டெவென்டர். அவருடைய மனைவியும் பிள்ளைகளுமே நிகழ்ச்சியில் கேள்வி கேட்கும் குழுவில் இருந்தார்கள். அடுத்த ஆண்டே பிபிசி வானொலி தன் வடிவத்தைத் தொடங்கி 1976 வரை நடத்தியது. எண்ணிக்கை நிலைபெற்றதற்கு இந்த நிகழ்ச்சிகள் பெரும் காரணம்.

கணக்கும் இதற்குத் துணை நிற்கிறது. ஒரு கேள்விக்கு இரண்டு விடைகள். ஆகவே ஒரு கேள்வியால் இரண்டு பொருள்களைப் பிரித்தறியலாம், இரண்டு கேள்விகளால் நான்கை, மூன்றால் எட்டை. இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் பத்துக் கேள்விகளில் 1,024 பொருள்களையும் இருபது கேள்விகளில் 10,48,576 பொருள்களையும் பிரித்தறிய முடியும். வீட்டிலும் தெருவிலும் கடையிலும் நாம் பெயர் சொல்லி அறியும் பொருள்கள் நாலாயிரம் என்று வைத்துக்கொண்டால், பிசகில்லாமல் கேட்பவருக்குப் பன்னிரண்டு கேள்விகளே போதும். மீதமுள்ள எட்டும் நம் தடுமாற்றங்களுக்காக ஒதுக்கப்பட்டவை.

நல்ல கேள்வி என்பது எது?

எஞ்சியிருக்கும் பொருள்களை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிப்பது நல்ல கேள்வி. மேசையின் மேல் பதினாறு பொருள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கத்தரிக்கோலா?’, ‘டம்ளரா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனால் பதினைந்து கேள்விகள்வரை ஆகலாம். எட்டு எட்டாகப் பிரிக்கும் கேள்வியில் தொடங்கினால் நான்கே கேள்விகளில் ஆட்டம் முடிந்துவிடும்.

இதை அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் செய்தியின் அளவைக் கணக்கிடும் முறையை நிறுவினார். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் சமவாய்ப்பு உள்ள கேள்வியின் விடை ஒரு ‘பிட்’ செய்தியைத் தருகிறது. ‘ஆம்’ என்பதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பே உள்ள கேள்வியைக் கேட்டால், சராசரியாக 0.47 பிட் மட்டுமே கிடைக்கும். அப்படிப்பட்ட கேள்விகளை இருபதுமுறை கேட்பவர், நல்ல கேள்விகளை ஒன்பது முறை கேட்டவர் அறிந்த அளவுக்கே அறிந்திருப்பார். அதிர்ஷ்டம் இருந்தால் முதல் ஊகமே சரியாக அமையலாம் என்று சிலர் வாதிடுவார்கள். அமையலாம், ஆனால் அப்படி அமைந்த ஆட்டத்தைப் பற்றி மறுநாள் பேச ஒன்றும் இருப்பதில்லை.

முதல் கேள்வியாக எதைக் கேட்பது?

வானொலி நிகழ்ச்சிகளில் ‘விலங்கு சார்ந்ததா, தாவரம் சார்ந்ததா, கனிமம் சார்ந்ததா’ என்பதை முதலிலேயே அறிவித்துவிடுவார்கள். உலகத்திலுள்ள எதையும் நினைக்கலாம் என்ற ஆட்டத்தில் அது பயன்படும். வீட்டுப் பொருள்களுக்கு அது பொருந்துவதில்லை என்று நான் கருதுகிறேன். மரக் கைப்பிடி போட்ட கத்தியை எந்த வகையில் சேர்ப்பது? பிளாஸ்டிக்கை எங்கே வைப்பது? உயர்திணையா அஃறிணையா என்ற நம் மரபுப் பிரிவும் இங்கே உதவாது. நினைக்கப்படும் பொருள்கள் அனைத்தும் அஃறிணை.

நான் வழக்கமாக இடத்தில் தொடங்குகிறேன்: ‘பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பதா?’, ‘சமையலறையைச் சேர்ந்ததா?’ அடுத்து மின்சாரம்: ‘மின்சாரத்தாலோ பேட்டரியாலோ இயங்குவதா?’ பின்பு அளவு, அதிலும் ‘பெரியதா?’ என்று கேட்பதில் பயனில்லை, ஏனென்றால் எறும்புக்குப் பக்கத்தில் டம்ளர் பெரியது. ‘ஒரு கையால் தூக்கக்கூடியதா?’, ‘சட்டைப் பையில் அடங்குமா?’ என்று உடம்பால் அளக்கக்கூடியதாகக் கேட்க வேண்டும். அதன் பிறகு பயன். எதனால் ஆனது என்ற கேள்வியைப் பெரும்பாலோர் முதலிலேயே கேட்கிறார்கள். நான் அதைப் பின்னுக்குத் தள்ளிவைப்பேன். ஒரே பொருள் எவர்சில்வரிலும் பிளாஸ்டிக்கிலும் மரத்திலும் கடைகளில் கிடைக்கும் இக்காலத்தில், எதனால் ஆனது என்பதைவிட எதற்காக ஆனது என்பதே பொருளை நெருங்கிக் காட்டுகிறது.

ஓர் ஆட்டத்தை முழுவதுமாக விளக்கிக் காட்ட முடியுமா?

என் மருமகள் பொருளை நினைத்திருக்க, நாங்கள் மூவர் கேள்வி கேட்ட ஓர் ஆட்டம் இது. வீட்டுக்குள் இருப்பதா என்ற முதல் கேள்விக்கு ஆம். மின்சாரத்தால் இயங்குவதா என்ற இரண்டாவதற்கு இல்லை. சமையலறையைச் சேர்ந்ததா என்ற மூன்றாவதற்கு ஆம். மூன்றே கேள்விகளில் வீட்டின் பெரும்பகுதி கழிந்துபோய், நாங்கள் சமையலறைக்குள் நின்றுகொண்டிருந்தோம். அடுப்பின் மேல் வைப்பதா என்று நான்காவதாகக் கேட்டோம்; இல்லை என்றாள். வாணலி, தோசைக்கல், குக்கர், இட்லிப் பானை எல்லாம் ஒரே சொல்லில் விலகின.

ஐந்தாவது கேள்வியில்தான் என் தம்பி அவசரப்பட்டு ‘அரிவாள்மனையா?’ என்று கேட்டுவிட்டார். அதற்குக் கிடைத்த ‘இல்லை’, அரிவாள்மனை ஒன்றை மட்டுமே நீக்கியது. ‘வெட்டவோ துருவவோ அரைக்கவோ பயன்படுவதா?’ என்று அவர் கேட்டிருந்தால், அதே ‘இல்லை’ கத்தி, துருவி, அம்மி, ஆட்டுக்கல் என்று ஒரு வரிசையையே நீக்கியிருக்கும். அந்தக் கேள்வியை ஆறாவதாக நான் கேட்க வேண்டியதாயிற்று, விடை இல்லை.

ஏழாவது, ‘எதையாவது உள்ளே வைத்திருப்பதற்கானதா?’ ஆம். எட்டாவது, ‘திரவத்தை வைப்பதா?’ இல்லை. ஒன்பதாவது, ‘மூடி உண்டா?’ ஆம். இப்போது எஞ்சியவை டப்பாக்கள், சம்படங்கள், ஹாட்பேக், அரிசி டிரம் போன்றவை. பத்தாவது, ‘ஒரு கையால் தூக்கக்கூடியதா?’ ஆம், டிரம் போயிற்று. பதினோராவதாக என் மனைவி கேட்டதுதான் அன்றைய ஆட்டத்தின் சிறந்த கேள்வி: ‘ஒரே சமயத்தில் அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் இருக்குமா?’ ஆம் என்ற விடை வந்த கணமே மூவரும் ஒரே குரலில் அஞ்சறைப் பெட்டி என்றோம். பன்னிரண்டாவது கேள்வியாக அது எண்ணப்பட்டது.

‘அறைகள் ஐந்துதானா?’ என்று யாராவது கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிற்பாடு பேசிக்கொண்டோம். பெயரில் ஐந்து இருந்தாலும், இன்று கடையில் வாங்கும் வட்டமான எவர்சில்வர் பெட்டியில் நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக ஏழு கிண்ணங்கள் இருக்கின்றன. உண்மையான விடை ‘இல்லை’ என்பதாகவே இருந்திருக்கும், நாங்களும் வழி தவறியிருப்போம்.

விடை சொல்பவர் ‘ஆம்’, ‘இல்லை’ தவிர வேறெதுவும் சொல்லக் கூடாதா?

இது மிக எளிய விதியாகத் தோன்றும். கடைப்பிடிப்பதுதான் கடினம். அதற்கான காரணத்தை நம் இலக்கணத்திலேயே காணலாம். பவணந்தி முனிவரின் நன்னூல் விடைகளை எட்டு வகையாகப் பிரிக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இவற்றுள் உடன்பட்டுச் சொல்வது நேர். மறுத்துச் சொல்வது மறை. நம் விளையாட்டு இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் விலக்குகிறது. அன்றாடப் பேச்சில் நாம் அந்த ஆறையும்தான் அதிகம் பயன்படுத்துகிறோம் என்பதை விளையாடும்போதுதான் உணர்கிறோம்.

‘கூர்மையானதா?’ என்று கேட்டால், ‘கவனமாக இல்லாவிட்டால் கையை வெட்டிவிடும்’ என்று வாய்க்கு வந்துவிடும். நிகழப்போவதைச் சொல்வதால் அது உறுவது கூறல். வெட்டும் பொருள் என்பதையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். ‘கனமானதா?’ என்ற கேள்விக்கு, ‘நேற்றுத் தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டது’ என்றால் உற்றது உரைத்தல். ‘கீழே விழுந்தால் உடையுமா?’ என்பதற்கு ‘உடையாமல் இருக்குமா?’ என்று திருப்பிக் கேட்டால் வினா எதிர் வினாதல். ‘தட்டா?’ என்றதும் ‘கிட்டத்தட்ட, கிண்ணம் மாதிரி’ என்று இனமான வேறொன்றைச் சொல்வது இனமொழி. ‘நீயே யோசித்துப் பார்’ என்பது ஏவல். சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டுவது சுட்டு. சிறு பிள்ளைகள் தங்களை அறியாமலே இதைச் செய்துவிடுவார்கள்.

பத்தாம் வகுப்பில் வினாவகை, விடைவகையைப் படிக்கும் பிள்ளைகளோடு இந்த விளையாட்டை ஆடிப் பாருங்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவருகிறேன். யாராவது விதியை மீறும்போது, அது எந்த வகை விடை என்று மற்றவர்கள் பெயர் சொல்ல வேண்டும். எட்டு வகைகளும் அரைமணி நேரத்தில் மனத்தில் பதிந்துவிடுகின்றன.

பாதி உண்மையாகவும் பாதி பொய்யாகவும் இருக்கும் கேள்விக்கு என்ன விடை சொல்வது?

விடை சொல்பவரின் பொறுப்பு என்று நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். தீப்பெட்டியை நினைத்திருக்கிறீர்கள். ‘மரத்தால் ஆனதா?’ என்று கேட்கிறார்கள். குச்சிகள் மரம், பெட்டி அட்டை, குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு, பெட்டியின் பக்கவாட்டில் உரசும் பட்டையில் சிவப்புப் பாஸ்பரஸ். எங்கே நின்று விடை சொல்வது?

எங்கள் வழக்கம் இது. கேட்பவர் எதை அறிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை விடை சொல்பவர் ஊகித்து, அந்த அறிவைத் தரும் விடையைச் சொல்ல வேண்டும். ஒரே சொல்லால் அது இயலாதபோது, ‘கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்’ என்று சொல்லலாம். அந்தக் கேள்வி எண்ணிக்கையில் சேராது. கேட்பவர் ‘அதன் ஒரு பகுதியாவது மரத்தால் ஆனதா?’ என்று திருத்திக் கேட்டால், ஆம் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ‘பெரும்பாலும் ஆம்’, ‘பெரும்பாலும் இல்லை’ என்ற இரண்டையும்கூட நாங்கள் அனுமதிக்கிறோம். குடை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் பயன்படுகிறது. வீட்டுக்குள் ஒழுகும் கூரைக்கடியில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நாளும் உண்டு என்பதற்காக, வெளியே பயன்படுவதா என்ற கேள்விக்குத் தடுமாற வேண்டியதில்லை. பொருளின் வழக்கமான வடிவத்தையும் வழக்கமான பயனையும் மட்டும் எண்ணிப் பார்த்தால் போதும்.

சொல்லளவில் உண்மையாகவும் பொருளளவில் ஏமாற்றாகவும் உள்ள விடையைத் தந்துவிட்டுப் பெருமைப்படுபவர்களும் இருக்கிறார்கள். ‘தண்ணீர் பட்டால் கெட்டுப்போகுமா?’ என்று தீப்பெட்டியைப் பற்றிக் கேட்டபோது, காயவைத்தால் சில குச்சிகள் எரியும் என்பதை எண்ணி ‘இல்லை’ என்று சொன்னவரோடு நான் ஆடியிருக்கிறேன். அந்த ஒரு விடைக்குப் பிறகு நாங்கள் கேட்ட பதினொரு கேள்விகளும் வீணாயின. மற்றவர்கள் தோற்பதால் விடை சொல்பவருக்கு எந்தப் பெருமையும் சேருவதில்லை. கடைசிக் கேள்விகளில் மற்றவர்கள் பொருளை நெருங்கி நெருங்கி வரும்போது அவர் முகத்தில் தெரியும் மகிழ்ச்சிதான் அவருக்குரிய பரிசு.

கேள்வியை எதிர்மறையாகக் கேட்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். ‘இது உலோகம் இல்லையா?’ என்று கேட்கிறீர்கள். ‘ஆமாம்’ என்று விடை வருகிறது. உலோகம்தான் என்று ஆமோதிக்கிறாரா, உலோகம் இல்லை என்பதை ஆமோதிக்கிறாரா? தமிழ்ப் பேச்சில் இரண்டுக்குமே இடமுண்டு. குரலின் ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் பிரித்தறிகிறோம். விளையாட்டில் அந்தச் சந்தேகத்துக்கு இடம் தரக் கூடாது. ‘உலோகத்தால் ஆனதா?’ என்றே கேளுங்கள்.

‘மரமா, இரும்பா?’ என்று இரண்டைச் சேர்த்துக் கேட்பதும் இப்படியே. நன்னூல் கூறும் ஆறு வினாக்களுள் ஐய வினா என்பது அது. பாம்போ கயிறோ என்று கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ எப்படி விடையிறுக்க முடியும்? அதே வேளையில், ‘மரமோ மூங்கிலோ பனையோ தென்னையோ ஏதாவது ஒன்றால் ஆனதா?’ என்று பலவற்றை ஒரே தொகுதியாகக் கட்டிக் கேட்பது முறையானது. ஒரே கேள்வியில் வலையை அகலமாக வீச அது நல்ல வழி.

விடை சொல்பவர் தவறாகச் சொல்லிவிட்டதை நடுவில் உணர்ந்தால்?

உணர்ந்த உடனே சொல்லிவிட வேண்டும். எந்தக் கேள்விக்கான விடை தவறு என்பதையும் அறிவித்து, அதற்குப் பின் கேட்கப்பட்டவற்றை எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிட வேண்டும். மறைத்தால் ஆட்டமே கெட்டுவிடும்.

ஒரே ஒரு தவறு எவ்வளவு விலை பெறும் என்பதைக் கணித அறிஞர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். ஹங்கேரியின் ஆல்பிரட் ரென்யியும் போலந்து-அமெரிக்கரான ஸ்டானிஸ்லா உலாமும் தனித்தனியே எழுப்பிய கேள்வி அது: ஒன்று முதல் பத்து லட்சம் வரை ஓர் எண்ணை ஒருவர் நினைத்திருக்கிறார், விடை சொல்லும்போது அதிகபட்சம் ஒரு முறை அவர் பொய் சொல்லலாம், எத்தனை கேள்விகளில் அந்த எண்ணைத் தவறாமல் கண்டுபிடிக்க முடியும்? பொய் இல்லாவிட்டால் இருபது கேள்விகள் போதும். ஒரு பொய்க்கு இடம் கொடுத்தால் இருபத்தைந்து வேண்டும் என்று 1987இல் ஆந்திரே பெல்ட்ஸ் நிறுவினார். ஒரே பொய்க்காக ஐந்து கேள்விகளைக் கூடுதலாகச் செலவிட வேண்டியிருக்கிறது. ஆகவே, திசையையே தீர்மானிக்கும் ஒரு விடையில் உங்களுக்கு ஐயம் இருந்தால், அதையே வேறு சொற்களில் இன்னொரு முறை கேட்டு உறுதிசெய்துகொள்வதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

பெயரின் எழுத்தைப் பற்றிக் கேட்கலாமா?

கூடாது. கணக்குப்படி அதைப் போலச் சிறந்த வழி இல்லை என்பதே அதற்குக் காரணம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அகராதியை நடுவில் பிரித்து, ‘இந்தச் சொல்லுக்கு முன்னால் வருமா?’ என்று கேட்டு, எஞ்சிய பாதியை மறுபடி பாதியாக்கிக்கொண்டே போனால், பதினேழு கேள்விகளில் அதிலுள்ள எந்தச் சொல்லையும் எட்டிவிடலாம். அப்படி ஆடுபவர் பொருளைப் பற்றி ஒரு முறைகூடச் சிந்தித்திருக்க மாட்டார். அதன் கனத்தையும் வழவழப்பையும், அது யார் கையில் எப்போது இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்காமல் ஆடுவதில் என்ன இருக்கிறது?

சிறு பிள்ளைகள் ஒவ்வொரு பொருளாகச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். திருத்தலாமா?

அது வயதுக்குரிய இயல்பு. மோஷர், ஹார்ன்ஸ்பி என்னும் இரு ஆய்வாளர்கள் 1966இல் வெளியிட்ட ஆய்வில், 42 படங்களைக் குழந்தைகள் முன் வைத்து இதே விளையாட்டை ஆடச் செய்தார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் ‘இதுவா, அதுவா’ என்று ஒவ்வொரு படமாக ஊகித்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளைகள் ‘கருவியா?’ என்பதுபோலத் தொகுதியாக வளைத்துக் கேட்டார்கள். இடைப்பட்ட எட்டு வயதினரிடம் இரண்டும் கலந்திருந்தன.

திருத்துவதைவிடக் காட்டித் தருவது நல்லது. பத்துப் பொருள்களைத் தரையில் பரப்பி, ‘இல்லை’ என்ற விடை வரும்போதெல்லாம் விலகும் பொருள்களைக் குழந்தையின் கையாலேயே ஓரமாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள். ஒரு கேள்வியில் ஒன்றே ஒன்று நகர்வதையும் இன்னொரு கேள்வியில் ஐந்து நகர்வதையும் அது கண்ணால் பார்க்கும். எனக்குத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு மூன்று ஆட்டங்களிலேயே மாறியிருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் பரிந்துரைப்பேன். ‘மரத்தால் ஆனதா’, ‘கைப்பிடி உண்டா’, ‘துணிக்குப் பயன்படுவதா’ என்று கேட்கக் கேட்க, வேற்றுமை உருபுகள் நாக்கில் தாமாகவே ஏறிவிடுகின்றன.

விடுகதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

விடுகதை மிகப் பழையது. தொல்காப்பியம் அதைப் ‘பிசி’ என்று குறிப்பிட்டு, ஒப்புமையோடு கூடிய உவமத்தால் அமைவது, தோன்றுவதைச் சொல்லித் துணியவைப்பது என்று இரு வகைப்படுத்துகிறது. தமிழ்நாட்டின் சில பகுதிகளில் அதை அழிப்பாங்கதை என்றும் இலங்கையில் நொடி என்றும் சொல்வார்கள். அங்கே போடுபவரே பொருளின் அடையாளங்களை எல்லாம் மறைபொருளாகச் சொல்லிவிடுகிறார். கேட்பவர் அவிழ்க்க வேண்டும். நம் விளையாட்டில் போடுபவர் எதையும் சொல்வதில்லை. அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக் கேட்பவரே ஒரு விடுகதையைக் கட்டி, அதைத் தாமே அவிழ்க்கிறார் என்று சொல்லலாம்.

கணினி எப்படிச் சரியாகக் கண்டுபிடிக்கிறது?

இந்த விளையாட்டைக் கணினியே ஆடும்படி செய்ய ராபின் பர்கனர் என்னும் கனடாக்காரர் 1988இல் தொடங்கிய முயற்சி, பிற்காலத்தில் கையடக்கப் பொம்மையாகவும் விற்பனைக்கு வந்தது. ஏராளமானோர் முன்பு ஆடிய ஆட்டங்களிலிருந்து, எந்தப் பொருளுக்கு எந்தக் கேள்வியில் எப்படி விடை சொன்னார்கள் என்பதை அது திரட்டி வைத்திருக்கிறது. ஒரு விடை பொருந்தாவிட்டாலும் பொருளை அடியோடு தள்ளிவிடாமல், அதன் வாய்ப்பைக் குறைத்து மட்டும் வைக்கிறது. நம் சிறு தவறுகளை அது பொறுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. மனிதர்களும் கற்றுக்கொள்ள வேண்டிய முறை.

வேறு வடிவங்கள் உண்டா?

இயற்பியலாளர் ஜான் வீலர் சொன்ன ஒரு நிகழ்ச்சியை நான் விரும்பி ஆடிப் பார்ப்பதுண்டு. விருந்து ஒன்றில் அவரை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, மற்றவர்கள் எந்தச் சொல்லையும் முடிவுசெய்யாமலே இருந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி விடை சொல்லலாம். ஆனால் அதுவரை சொல்லப்பட்ட விடைகள் அனைத்துக்கும் பொருந்தும் ஏதாவது ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். கேள்விகள் ஏற ஏற, விடை சொல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட நேரமும் கூடிக்கொண்டே போனது. கடைசியில் வீலர் ‘மேகமா?’ என்று கேட்க, ஆம் என்று சொல்லி எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வீட்டுப் பொருள்களுக்குள் இதை ஆடும்போது கேட்பவரைவிட விடை சொல்பவர்களே அதிகம் திணறுகிறார்கள். ஒரு முறை ஆடினால் விடை சொல்பவரின் வேலை எவ்வளவு கடினம் என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இருபது கேள்விகள் முடிந்தும் கண்டுபிடிக்க முடியாவிட்டால்?

சீட்டைப் பிரித்துப் பொருளின் பெயரைப் படியுங்கள், அதோடு எழுந்துவிடாதீர்கள். கேள்விகளையும் விடைகளையும் முதலிலிருந்து ஒரு முறை வாசித்து, வழி எங்கே பிரிந்தது என்று எல்லோரும் சேர்ந்து தேட வேண்டும். எங்கள் வீட்டில் ஆட்டத்தைவிட இந்தப் பேச்சு நீண்டுவிடும்.

அண்மையில் ஓர் ஆட்டத்தில் சீட்டில் இருந்தது ‘மிதியடி’, அதாவது வாசலில் கால் துடைக்கப் போடும் விரிப்பு. நான்காவது கேள்வி, ‘வீட்டுக்குள் இருப்பதா?’ விடை, ‘இல்லை.’ நாங்கள் தெருவுக்கும் கடைத்தெருவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் போய்ப் பதினாறு கேள்விகளைச் செலவிட்டுவிட்டோம். வாசற்படிக்கு வெளியே கிடப்பது வீட்டுக்குள் இருப்பதாகுமா என்று நினைத்தவரும் கேட்டவர்களும் மாறி மாறி வாதிட்டோம். குளியலறை வாசலிலும் ஒன்று கிடக்கிறதே என்று என் மனைவி சுட்டிக்காட்டிய பிறகுதான், பொருளை நினைத்தவர் ‘கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள்’ என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்பதில் எல்லோரும் உடன்பட்டோம். அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல், அவரையே இன்னொரு பொருளை நினைத்துக்கொள்ளச் சொன்னோம்.